அண்ணன் எந்தச் சர்க்கார் ஆள்?

மாட்டுத் தரகன் வாயை நம்பாதவர்கள்கூடத் துண்டுக்கு அடியில் அவன் பிடிக்கும் விரலை நம்புவார்கள். எங்கள் தொழிலில் உண்மை பேசுவது விரல் மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே பேசி முடிப்போம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு ஒன்பது வயதில் அப்பா செத்துப்போனார். பதினைந்து வயதாயிருந்த என் அண்ணன் கருப்பையாவை ஒரு கங்காணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். நான் ஊரார் மாட்டுக்குப் பின்னால் போனேன். தார்க்குச்சியால் அடிபட்டு, நாலு பேரிடம் ஏமாந்து, எட்டுப் பேரை ஏமாற்றித் தொழில் கற்றேன். எழுத்துக்கூடச் சந்தை ரசீதைப் பார்த்துத்தான் படித்தேன். கோபம் மட்டும் யாரும் கற்றுத் தராமலே வந்தது. எந்த நொண்டிக் காளையையும் ஒரு மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவேன். என் அண்ணனைப் பேசி முடிக்கத்தான் பதினாலு வருஷம் ஆனது. ஒரு கையெழுத்துக்காகச் சர்க்கார் ஆபீஸ் வராந்தாவில் வெற்றிலை போட்டுப் போட்டு நாக்குத் தடித்துப் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

முத்திரை மாறிய வாரம்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று சேதி வந்த வாரம், சந்தையில் மாடுகளைவிட மனிதர்கள்தான் மிரண்டு நின்றார்கள். ராஜா இனி எங்கே இருப்பார், வரி கூடுமா குறையுமா, திருச்சிக்காரன் வந்து நம்மை அதிகாரம் பண்ணுவானா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் தெரியும் என்று சொன்னவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரியும் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருமயம் பக்கத்துக் குடியானவர் வெள்ளைச்சாமி என் வாடிக்கைக்காரர். அன்று ஒரு மயிலைக் காளை பிடித்தார். விலை படிந்து, கயிறு கை மாறி, ரசீது எழுதும் இடத்துக்கு வந்தோம். ரசீதில் பழைய சமஸ்தானத்து முத்திரை. ராஜாவே இல்லையென்கிறார்கள், இந்த முத்திரை நாளைக்குச் செல்லுமா என்று வெள்ளைச்சாமி தயங்கினார். புதுப் புத்தகம் வரவில்லை என்றார் ரசீது எழுதுகிறவர். எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. பேனாவைப் பிடுங்கி, ‘சமஸ்தானம்’ என்பதைக் குறுக்கே அடித்து மேலே ‘இந்தியா’ என்று எழுதினேன். அடித்துத் திருத்திய ரசீது திருட்டு மாட்டு ரசீது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைச்சாமி அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நேத்துவரைக்கும் நான் மகாராசாவோட குடி. இன்னைக்கு யாரு குடின்னு எம் பொண்டாட்டி கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. மாடாச்சும் யாரு மாடுன்னு அடித்தல் இல்லாம எழுதிக் குடுங்க தரகரே.”

தோட்டத்திலிருந்து வந்த கடிதம்

அடுத்த வருஷம் அண்ணனிடமிருந்து கடிதம். யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தான். அந்த நாட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். தோட்டத்து ஆட்கள் எல்லாம் அந்த நாட்டுக்காரர்கள் அல்ல என்கிறார்களாம். ஆமென்று நிரூபிக்க வேண்டுமானால் காகிதம் காட்ட வேண்டும். தேயிலைச் செடியை மட்டம் வெட்டுகிற கத்தியும் கூடையும் தவிர இவனிடம் என்ன இருக்கிறது காட்ட? சரி, இந்தியாக்காரன் என்றாவது பதிந்துகொள்ளலாம் என்று போனால், இந்தியாவில் பிறந்ததற்குப் பிறந்த ஊர்ச் சான்றிதழ் வாங்கி வா என்கிறார்களாம். அது வந்தால்தான் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்ப வழி. வராவிட்டால் அங்கே இருக்கவும் உரிமை கிடையாது, இங்கே வரவும் உரிமை கிடையாது. ‘தம்பி, நீ ஊரிலேயே இருப்பவன், ஒரு வாரத்தில் வாங்கி அனுப்பு’ என்று முடித்திருந்தான்.

கடிதத்தை மைதீன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவரும் தரகர், ராவுத்தர். எனக்குத் துண்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார். நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வெளியூர் வியாபாரி ஒருவன் அவரைப் பார்த்து, என்ன பாய், பாகிஸ்தானுக்கு எப்போது பயணம் என்று இளித்தான். நான் டம்ளரோடு எழுந்தேன். மாமா என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். டீயை ஆற்றி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு அந்த வியாபாரி காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: “ஒங்க அண்ணனை அங்கிட்டு வெளிய போங்குறான். என்னை இங்கிட்டு எப்பப் போறேங்குறான். வா மாப்ளே, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு தேசத்தை வெலை பேசுவோம், தரகு யாருக்கும் குடுக்க வேணாம்.”

பல்லைப் பிடித்து வயசு

ஒரு வாரம் என்று அண்ணன் எழுதினான். நான் இரண்டு வருஷம் ஊர்க் கணக்குப்பிள்ளையின் பின்னால் அலைந்தேன். அண்ணன் பிறந்ததை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சமயத்தில் முதல் தேர்தலுக்கு அவர் ஓட்டர் லிஸ்ட் எடுக்க வேண்டி வந்தது. சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் எத்தனை தலை, எத்தனை மாடு என்று என்னைப்போல் தெரிந்தவன் கிடையாது. கூட வாரேன், ஆனால் லிஸ்டில் என் அண்ணன் பெயரையும் ஏற்ற வேண்டும் என்று பேரம் பேசினேன். ஊரில் இல்லாதவனை ஏற்ற முடியாது, வேண்டுமானால் இந்த ஊர்ப் பிள்ளைதான் என்று பிறகு ஒரு ரிப்போர்ட் எழுதித் தருகிறேன் என்றார். பாதி விலைக்குப் படிந்தது.

இருபத்தொரு வயது ஆனவர்கள்தான் லிஸ்டில் வரலாம். வயதைக் கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெரிய வெள்ளம் வந்தபோது தவழ்ந்தேன் என்பார் ஒருவர். எந்த வெள்ளம் என்று கேட்டால் கோபிப்பார். பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கோயிலைக் காட்டுவார்கள், அந்தச் சாமி பெயர் என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ நாள் முழுக்கச் செய்கிற வேலை. சோளக்காட்டு வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் தெரியாது தெரியாது என்று மூன்று தரம் சொன்னதும், யோசிக்காமல் அவர் மோவாயைப் பிடித்து, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துவிட்டேன். காளைக்கு இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயசும், சுழி பார்த்து ராசியும் சொல்கிற அதே கை. கடைசிப் பல்லும் தேய்ந்திருந்தது. அறுபதுக்கு மேல் எழுதுங்கள் என்றேன். கணக்குப்பிள்ளையும் எழுதிவிட்டார். நான் கையை எடுத்த பிறகும் பெரியவர் வாயை மூடவில்லை. மெதுவாக மூடிக்கொண்டு சொன்னார்: “பல்லைப் பாத்து வயசு எழுதிட்டீக, சரி. அப்படியே சுழியையும் பாத்து யாருக்கு ஓட்டுன்னு எழுதிட்டுப் போயிருங்க, எனக்கு நடை மிச்சம்.”

படியாத ஓட்டு

தேர்தல் வந்தது. அண்ணனிடமிருந்து அப்போதுதான் இன்னொரு கடிதம். அவன் அந்த நாட்டில் ஐந்து வருஷத்துக்கு முன்பே ஒரு தரம் ஓட்டுப் போட்டிருக்கிறான். அதன் பிறகுதான் பெயரை எடுத்துவிட்டார்களாம். ஓட்டு என்றால் என்ன என்று ஊருக்கெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் ஓட்டுப் போட்டவன் என்னவோ ஓட்டில்லாத என் அண்ணன்தான். யார் யாருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

வெள்ளைச்சாமி சந்தைக்கு வந்தபோது, ரகசியமாகப் போட வேண்டும் என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டார். நம்முடைய துண்டு வியாபாரம் மாதிரிதான், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே? அடுத்த வெள்ளிக்கிழமை மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஓட்டுச்சாவடியில் ஆபீசர் சீட்டைக் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு வாருங்கள் என்றிருக்கிறார். பெட்டிகள் மறைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன என்று இவருக்குத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறி ஆபீசர் கைமேல் போட்டு, உள்ளே விரலைத் தேடியிருக்கிறார். இவன் லஞ்சம் கொடுக்கிறான் என்று ஆபீசர் பதறி எழுந்து போலீஸ்காரரைக் கூப்பிட்டு, பெரிய ரகளை. கடைசியில் ஊர்க்காரர்கள் எடுத்துச் சொல்லி, மறைப்புக்குள் கூட்டிப் போய்ப் பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். ஓட்டுப் போட்டாயிற்றே, பிறகென்ன வருத்தம் என்று கேட்டேன். வெள்ளைச்சாமிக்கு ஆற்றாமை தீரவில்லை: “நான் மூணு விரல்தான் பிடிச்சேன். படியலைன்னா படியலைன்னு கையை எடுத்துக்கிட்டுப் போறதுதானேங்க, அதுக்கு எதுக்குப் போலீஸைக் கூப்புடணும்?”

அங்க அடையாளம்

கணக்குப்பிள்ளை சொன்ன சொல் தவறாமல் ரிப்போர்ட் எழுதித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். எந்தத் தாலுகா என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஹெட் கிளார்க் அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு இடம். அண்ணனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டேன். வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. நிறம் செவலை. நெற்றியில் இடப்பக்கம் கொம்பு குத்திய தழும்பு. பல்வரிசை சுத்தம். நடை நிதானம், எதற்கும் மிரளாது. பாரம் எவ்வளவு வைத்தாலும் படுக்காது.

கண்ணைத் திறந்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெட் கிளார்க் பேனாவை மூடினார். “தரகரே, ஒங்க அண்ணனுக்கு சர்ட்டிபிகேட் கேக்குறீங்களா, இல்லை எங்களுக்கு விக்கப் பாக்குறீங்களா?”

சாட்சிக்கு வந்த மாமா

அண்ணன் பிறந்த காலத்தில் அவனை அறிந்த, நிலம் வைத்திருக்கிற இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒருவர் எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர். அவர் ஆபீசுக்கு வந்து போட்டுவிட்டுப் போனார். இன்னொருவராக மைதீன் மாமா வந்தார். அவருக்குத் திருவரங்குளம் ரோட்டில் ஒரு காணி நிலம் உண்டு. அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

மாமா பெயரைப் படித்ததும் அங்கிருந்த ஒரு குமாஸ்தா, அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், இவர் இந்தியாவில் பிறந்தார் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம் என்று இழுத்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. மாமா முதல் நாளே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், வாயைத் திறக்கக் கூடாது என்று. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமா தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “எங்க அத்தா, அவுக அத்தா, அவுகளுக்கு அத்தா எல்லாம் இந்த ஊரு மையவாடியிலதான் படுத்திருக்காக. வந்து சொல்லச் சொன்னா எந்திரிச்சு வருவாக. ஒங்க வராந்தாவுலதான் எடம் பத்தாது.”

இரண்டு இடத்தில் பிறந்தவன்

சான்றிதழ் கிடைத்தது. தபாலில் போட்ட அன்றைக்கு ஊருக்கே பாயசம் வைக்கலாமா என்றிருந்தது. நாலு மாதம் கழித்து அதே சான்றிதழ் அண்ணன் கடிதத்தோடு திரும்பி வந்தது. தோட்டத்துப் பதிவில், கங்காணி கூட்டிப் போன நாளில் எழுதியபடி, பிறந்த இடம் ‘புதுக்கோட்டை சமஸ்தானம்’. நான் அனுப்பிய சான்றிதழில் ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’. ஒரு ஆள் இரண்டு இடத்தில் எப்படிப் பிறப்பான், சான்றிதழ் வேறு ஆளுடையது என்று அங்கே தள்ளிவிட்டார்களாம். சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

ஹெட் கிளார்க்கிடம் போனேன். சமஸ்தானம் என்று ஒன்று இப்போது இல்லை, இல்லாத இடத்தில் ஒருவன் பிறந்தான் என்று சர்க்கார் காகிதத்தில் எழுத முடியாது, தோட்டத்துப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள் என்றார். தோட்டத்துப் பதிவை யாரும் திருத்த மாட்டார்கள் என்று அண்ணன் முன்பே எழுதியிருந்தான். மாடு கட்டின இடத்திலேயேதான் நிற்கிறது, நீங்கள்தான் முளைக்குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி நடுகிறீர்கள் என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவருடைய அப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொன்னதாக ஞாபகம். நீயே வைத்துக்கொள் என்று சான்றிதழை மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று மைதீன் மாமா என்னோடு வரவில்லை.

இரண்டு நாளில் புத்தி வந்து திரும்பிப் போனேன். சான்றிதழ் ரத்தாகியிருந்தது. ‘மனுதாரர் தாமே திருப்பி ஒப்படைத்தார்’ என்று ரிஜிஸ்டரில் எழுதி தாசில்தார் கையெழுத்தும் ஆகியிருந்தது. நான் கோபத்தில் எறிந்தேனே தவிரத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கெஞ்சினேன். ஆமாம், நான்தான், கெஞ்சினேன். ஹெட் கிளார்க் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “எறிஞ்சீங்களா, குடுத்தீங்களான்னு எழுத இதுல கட்டம் இல்லைங்க. திருப்பி வந்துச்சு. அவ்வளவுதான்.”

ஒரு வரி

அதற்கப்புறம் மறுபடி மனு, மறுபடி ரிப்போர்ட். பழைய கணக்குப்பிள்ளை செத்துப்போய்ப் புதியவர் வந்திருந்தார். அவருக்கு என் அண்ணனைத் தெரியாது. எனக்கு அண்ணன் இருந்தான் என்பதையே அவர் நம்பவில்லை. திங்கட்கிழமைதோறும் வராந்தாவில் உட்கார்ந்தேன். அந்தத் தூணில் என் முதுகு அழுக்கு இன்றைக்கும் இருக்கும். அண்ணன் கடிதம் வருஷத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. கடைசிக் கடிதத்தில் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘பெரியவளைக் கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் எந்த நாட்டுக் குடும்பம் என்று கேட்கிறார்கள்’ என்று மட்டும் இருந்தது. நான் எறிந்த காகிதம் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை ஆபீசில் புதிதாக ஒரு டைப்பிஸ்ட் பெண் உட்கார்ந்திருந்தது. கைக்கடிகாரம் கட்டி, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி, அண்ணன் அனுப்பியிருந்த தோட்டத்துப் பதிவின் நகலையும் காட்டினேன். அது என் காகிதக் கட்டைப் பிரித்துப் பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் படித்தது. நான் எழுதிய மனுக்களைப் படிக்கும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டது. பிறகு மெஷினில் தாளைச் செருகி அடித்தது. திருச்சிராப்பள்ளி ஜில்லா என்பதற்குக் கீழே, ‘மேற்படி கிராமம் முன்பு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது’ என்று ஒரு வரி. தாசில்தார் மேஜையில் மற்றத் தாள்களோடு வைத்தது. அவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் என் கையில். இந்த ஒரு வரியை இத்தனை வருஷமாக ஏனம்மா யாரும் அடித்துத் தரவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண் கட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது. “நீங்க குடுத்த மனு எல்லாத்தையும் படிச்சேங்க. எல்லாத்துலயும் சண்டைதான் இருக்கு. இந்த வரி வேணும்னு எதுலயும் கேக்கலைங்களே.”

வந்து இறங்கியவர்

அந்தச் சான்றிதழைத் தபாலில் போட்டுச் சில மாதங்களில், புதுக்கோட்டை ஸ்டேஷனில் ராமேஸ்வரம் வண்டியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. கம்பளிக் கோட்டுப் போட்ட ஒருவர், ஒரு அம்மாள், இரண்டு பெண்கள், தகரப் பெட்டிகள். செவலையும் இல்லை, நடை நிதானமும் இல்லை. முதுகு வளைந்து, மூச்சு வாங்கி நின்றார். நெற்றியின் இடப்பக்கம் தழும்பு இருந்தது. அண்ணே என்றேன். அவனும் என்னைத் தேடித்தான் பார்த்தான்; ஒன்பது வயதுப் பிள்ளையைத் தேடியிருப்பான் போல, என் இடுப்பு உயரத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தான். மைதீன் மாமா வண்டி பிடித்து வந்திருந்தார். இந்த வெயிலில் கோட்டு எதற்குடா என்று கேட்டு அவர்தான் கழற்றிவிட்டார். சின்னப் பெண் என்னிடம், சித்தப்பா, இங்கே மழைக்காலம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டது. இந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தில் எவன் பதில் வைத்திருக்கிறான்?

தோட்டத்தில் அவர்களை இந்தியாக்காரர் என்று கூப்பிட்டார்களாம். இலங்கை என்றாலே கண்டிதான் என்கிற எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் கண்டிக்காரர் வீடு என்று பெயர் விழுந்தது. யாரும் கெடுதலாகச் சொல்லவில்லை; அடையாளத்துக்குத்தான் சொன்னார்கள். இருந்தாலும் எனக்கு எரிந்தது. மறுபடி ஓட்டர் லிஸ்ட் எடுக்க வந்தார்கள். நான் சந்தைக்குக்கூடப் போகாமல், சான்றிதழ், இந்தியாக்காரன் என்று பதிந்து கொடுத்த புத்தகம், எல்லாவற்றையும் பாயில் பரப்பிவைத்துக் காத்திருந்தேன். வந்தவர் எழுதிக்கொண்டே அண்ணனைப் பார்த்து, சொந்த ஊர் எது என்று கேட்டார். அண்ணன் தோட்டத்துப் பெயரையும், அங்கே தான் குடியிருந்த லயத்து வீட்டின் காம்பரா நம்பரையும் சொன்னான்.

எனக்கு வந்த கோபத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினாலு வருஷம். எத்தனை தூண், எத்தனை திங்கட்கிழமை. காகிதத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது பார், நீ எந்த ஊர் என்று இதில் போட்டிருக்கிறது பார் என்று தெருவே கேட்கக் கத்தினேன். லிஸ்ட் எடுக்க வந்தவர் எந்த ஊரை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கசங்கிய ஓரத்தைத் தொடையில் வைத்து நீவினான். பிறகு வந்தவரிடமே அதைக் கொடுத்து, இதில் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள் என்றான். என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் என்னைச் சமாதானம் பண்ணிய குரலில் சொன்னான்: “கோவிச்சுக்காதே தம்பி. நீ வாங்கிக் குடுத்த காயிதத்துல இருக்குறவன் இந்த ஊருக்காரன்தான். நான்தான் இன்னும் வந்து சேரலை.”

நாற்பது வருஷத் தரகில், விற்றவனும் குறை சொல்லாமல் வாங்கினவனும் குறை சொல்லாமல் கையெழுத்துப் போட்டுப் போய்விட, மாடு மட்டும் எந்தத் தொழுவம் என்று கேட்டு நின்ற வியாபாரம் எனக்கு இது ஒன்றுதான்.